ஆவணம் கேட்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு

"ஐடி கொப்பியையும் பேர்த் சேர்டிபிகேட்டையும் மெயில்ல போட்டு விடுங்கோ." பகுதிநேர வேலை, புலமைப்பரிசில், வாடகை அறை என்று எதற்குப் போனாலும் இந்த வரியைக் கேட்காமல் திரும்பி வர முடியாது. கேட்கிறவருக்கு அது ஒரு வரிதான். அனுப்புகிறவர் எதைக் கொடுக்கிறார் என்று யாரும் யோசிப்பதில்லை.

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். விடுமுறையில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு தட்டச்சும் பிழைதிருத்தமும் செய்து கொடுக்கிறோம். விசாவுக்கு ஆவணங்களை ஆங்கிலத்தில் மாற்ற வருகிற ஆட்களிடம் அவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதும் எங்கட வேலைதான். பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கேட்டதற்கு ஒரு அம்மா வீட்டு ஃபைலையே அனுப்பியிருந்தா. வங்கிப் புத்தகம், விவாகச் சான்றிதழ், காணாமல் போன மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் கொப்பி, எல்லாம் இருந்தது. "எது தேவையெண்டு தெரியேல்லை பிள்ளை, எல்லாத்தையும் போட்டு விட்டனான்" என்றா போனில்.

இடம்பெயரும்போது உடுப்பை விட்டாலும் ஆவணங்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு ஓடின ஆட்கள் எங்கட வீடுகளிலும் இருக்கினம். அப்படிக் காப்பாற்றின கடதாசிகள் இப்ப முகம் தெரியாத ஒரு இன்பொக்ஸில் கிடக்கின்றன.

அந்தக் கடதாசிகளில் என்ன இருக்கு? புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதாவது இலக்கம் மட்டும் கிடைத்தாலே பிறந்த திகதியும் பாலும் தெரிந்துவிடும். பழைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனமும், அவர்கள் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கான பதிலும்கூட இருக்கு.

மின்னஞ்சலில் போன ஆவணம் ஒரு இடத்தில் நிற்காது. அனுப்பினவரின் சென்ட் பெட்டியில் ஒன்று, எங்கட இன்பொக்ஸில் ஒன்று, டவுன்லோட் ஃபோல்டரில் ஒன்று. கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணியிருந்தால் அந்தக் கடைக் கம்பியூட்டரிலும் ஒன்று. வேலை முடிந்து பல வருஷம் போனாலும் அவை அங்கேயே கிடக்கும். யாரோ ஒருவரின் பாஸ்வேர்ட் களவு போனால் எல்லாம் சேர்ந்து போகும்.

அதனால் கேட்கிற விதத்தை மாற்றினோம். இப்ப எங்கட மின்னஞ்சலில் எந்த ஆவணம், எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று நாலு விஷயமும் இருக்கும். "இதைத் தவிர வேறொன்றும் அனுப்ப வேண்டாம்" என்றும் எழுதுகிறோம். பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் போடத் தெரிந்தவர்கள் அதைப் போட்டு, பாஸ்வேர்டை போனில் சொல்லுவினம். அதே மின்னஞ்சலில் எழுதினால் பூட்டிலேயே திறப்பைத் தொங்கவிட்ட மாதிரி. தெரியாதவர்களுக்கு கூகிள் ட்ரைவில் தனித்தனி ஃபோல்டர் திறந்து, அவரவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறோம். இணைப்பு வைத்திருக்கிற எவரும் பார்க்கலாம் என்று விடுவதில்லை. வேலை முடிந்ததும் அழிக்கிறோம். ஜிமெயிலில் அழித்தது 30 நாள் ட்ராஷில் இருக்கும் என்பதால் அதையும் காலியாக்குகிறோம்.

இன்னொன்று, எங்கட பெயரில் வேறு யாரும் ஆவணம் கேட்கலாம். அதனால் முதலே தெரிந்த இலக்கத்துக்கு எடுத்து, கேட்டது நாங்கள்தானா என்று உறுதிப்படுத்தச் சொல்கிறோம்.

"இவ்வளவு கரைச்சல் ஏன், வட்ஸ்அப்பில போடட்டே?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பிழையில்லை. வயது போனவர்களுக்கு பாஸ்வேர்டும் ஃபோல்டரும் இன்னொரு தலையிடி. அவர்கள் நேரில் வந்தால் அங்கேயே பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டு மூலப்பிரதியைத் திருப்பிக் கையில் கொடுக்கிறோம். எங்களுக்கு நேரம் கூடப் போகும்தான்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும் என்பதுதான் அதன் சாரம். சட்டத்தைப் படிக்காமலே இதைச் செய்யலாம். விசா வேண்டும், வேலை வேண்டும் என்று வருகிறவரால் "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க முடியாது. அவர் கேட்க முதல் நாங்களே சொல்லிவிட்டால் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டி வராது. நாளைக்கு எங்களிடம் ஐடி கொப்பி கேட்கிறவர்களிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறோம்.