மடியில் என்ன?

புத்தளம் பக்கத்து மதுரங்குளி. இஷா தொழுகைக்குப் பிறகு, திண்ணையில்.

'ஹியூமன்' படத்தை உம்மும்மாவோடு போனில் பார்த்தேன். யான் ஆர்த்துஸ்-பெர்த்ரான் எடுத்தது, 2015. 60 நாடுகள், ஏறத்தாழ 2,000 பேர். பின்னால் கறுப்புத் திரை, முன்னால் முகம். பெயரும் வராது, ஊரும் வராது. அடியில் ஓடும் எழுத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் அழுது ஓய்ந்தாள். "இவளுக்கு எத்தன புள்ள?" உம்மும்மா கேட்டார். அதற்குள் அடுத்த முகம் வந்துவிட்டது.

அந்தக் கேள்வியைக் குறித்து வைக்கிறேன்.

*

'சம்சாரா', 2011. ரொன் ஃபிரிக். 25 நாடுகளில், ஐந்து ஆண்டுக்குக் கிட்ட, 70 மி.மீ. பிலிமில். படம் முழுக்க ஒரு பேச்சு இல்லை. இந்தோனேசியாவின் ஈஜென் எரிமலையில் கந்தகக் கட்டி சுமக்கிறவர்கள் வருகிறார்கள். பார்த்ததும் பாலாவிப் பக்கத்து உப்பளம் நினைவுக்கு வந்தது. சுமை வேறு, தோள் ஒன்றுதான். அழகான படம். ஆனால் கூலி எவ்வளவு என்று அந்தத் தோளிடம் யாரும் கேட்கவில்லை.

*

நம் நாட்டுக்கு வந்த கமெரா: 'சோங் ஒஃப் சிலோன்', 1934. பேசில் ரைட். தேயிலைப் பிரசார சபையின் பணம். வாசிக்கும் குரல் கொழும்பின் லயனல் வென்ட்டுடையது. வாசிக்கும் சொற்களில் பெரும்பகுதி ரொபர்ட் நொக்ஸுடையது. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டு சிறையிருந்து, 1679இல் எங்கள் கரைக்கு வடக்கே அரிப்பில் போய்த் தப்பியவர். மூன்றாம் பகுதியில், வேலை செய்கிறவர்களின் படத்துக்கு மேல் சந்தை விலைகள் ஒலிக்கும். அந்த மனிதர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று 90 ஆண்டு கழித்தும் மனம் கேட்கிறது.

*

'லைஃப் இன் எ டே'. 2010 ஜூலை 24, அந்த ஒரே நாளில் உலகம் தானே எடுத்தது. 192 நாடுகள், 80,000 துண்டுகள், 4,500 மணி நேரம். கெவின் மெக்டொனல்ட் அதை ஒன்றரை மணி நேரமாக்கினார். கமெரா கிடைக்காத இடங்களுக்கு 400 கமெராக்கள் அனுப்பினார்கள். எல்லோருக்கும் சில கேள்விகள்: எதை நேசிக்கிறீர்கள்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? பொக்கட்டில் என்ன இருக்கிறது?

*

கடைசிக் கேள்வியை உப்பளத்துக்குப் போகும் அடுத்த வீட்டுக் காக்காவிடம் கேட்டேன்.

"சாரனுக்கு எங்க தம்பி பொக்கட்?"

சரி, மடியில் என்ன? அவிழ்த்தார். வெற்றிலை. இரண்டு நூறு ரூபாய்த் தாள். நாலாக மடித்த மருந்துத் துண்டு, மகளுடையது. பிறகு மகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நேசமும் பயமும் அதிலேயே வந்துவிட்டன. மற்ற இரண்டு கேள்விகளையும் நான் கேட்கவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வெறும் காகிதத் துண்டுக்கும் அந்தக் கனம் உண்டு.

*

செய்ய வேண்டியவை:

மதுரங்குளியில் ஒரு நாள், சுபஹிலிருந்து இஷா வரை. கிடுகு பின்னுகிறவர்கள், இறால் பண்ணைக் காவலர், தேங்காய் உரிக்கிறவர், புத்தளம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். என் போன் போதும்.

வெளியூர்க் கேள்வியை இந்த ஊர் உடுப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கேட்க வேண்டும்.

கேட்கும் இடத்தில் உம்மும்மா உட்காரட்டும். முதல் கேள்வி அவருடையதே: எத்தன புள்ள?

பதில் முடியும் வரை வெட்டக் கூடாது.