சோனாமீட்டரில் தொடங்கும் பாடம்

ஸ்ட்ரிங் தியரி (இழைக் கொள்கை) வகுப்பு என்றதும் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் புரொஜெக்டரைத் தேடுவார்கள். நான் ஆய்வகத்துச் சோனாமீட்டரைத் தூக்கிக்கொண்டு போவேன். முதலாண்டில் அவர்களே எடை தொங்கவிட்டு, கம்பிமேல் காகிதத் துண்டை மடித்து வைத்து, ஒத்ததிர்வில் அது துள்ளி விழக் காத்திருந்த அதே பெட்டி. நடுவில் இலேசாகத் தொட்டு மீட்டினால் அதிர்வெண் இருமடங்கு. மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் மும்மடங்கு. 1, 2, 3 என்று பலகையில் எழுதிவைப்பேன்.

முன்பு சுருண்ட பரிமாணங்களின் படங்களில் தொடங்குவேன். வாய் பிளந்து கேட்டார்கள், பேனாவைத் தொடவில்லை. இப்போது கணக்குதான் முதலில்.

குவாண்டம் விதிப்படி எந்த அதிர்வும் முழுக்க அடங்காது. அதிர்வெண்ணில் பாதிக்கு ஆற்றல் எஞ்சும். எல்லா அதிர்வுகளையும் சேர்த்தால் 1+2+3+… முடிவிலி வரை, அதில் பாதி. இங்கே ராமானுஜனைக் கூப்பிடுவேன். 1913 பிப்ரவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தொடருக்கு −1/12 என்று மதிப்புச் சொல்லி, தன்னைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவீர்கள் என்றும் எழுதினார். இது சாதாரணக் கூட்டல் அல்ல, முடிவிலியைக் கழித்தபின் மிஞ்சும் எண் என்று அழுத்திச் சொல்வேன்.

இழை பக்கவாட்டில் ஆடும் திசை ஒவ்வொன்றுக்கும் −1/24. முதல் படி அதிர்வு 1 சேர்க்கும். அது ஒளியைப் போலப் பக்கவாட்டில் மட்டுமே ஆடுவதால் நிறை இருக்கக் கூடாது என்கிறது சார்பியல். ஆகவே அந்த 1-ஐ இந்த −1/24-கள் சரியாக ஈடுகட்ட வேண்டும்; திசைகள் 24. காலமும் நீளவாக்கும் சேர்ந்தால் 26 பரிமாணம். மீயிழைக் கொள்கையில் இது 10 ஆகும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

"சார், வீணைக்கும் 24 மெட்டுதானே?"

"அது தற்செயல்ப்பா. அதை நம்பிடாதே."

அடுத்த கேள்வி எப்போதும் வரும்: "இதை யாராவது பார்த்திருக்காங்களா சார்?" இல்லை. அப்போது நம் ஊர்க் கதை சொல்வேன். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாய்பாட்டாலேயே சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. பிசகை அந்த இரவின் வானமே காட்டிவிட்டது. நம் கணக்கைத் திருத்த அப்படியொரு வானம் இன்னும் வாய்க்கவில்லை.

மணி அடித்ததும் சோனாமீட்டரைத் தூக்குவேன். கம்பி மீட்டியாகிவிட்டது, காகிதம்தான் இன்னும் விழவில்லை.