சித்திக்கு இரண்டு இடது கை

நாகர்கோவில் கோர்ட் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு வயது 54. தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். ரெமிங்டன் மெஷினில் ஆரம்பித்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறி, 30 வருஷமாக உயில், பாகப்பிரிவினை, வாடகை ஒப்பந்தம், வாய்தா மனு என்று அடித்துக்கொண்டிருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி வலது கை மரத்துப்போய் விழித்தார். உதறினால் சரியாயிற்று. அப்புறம் தினமும் உதற வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் சாயா டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோதுதான் பயம் வந்தது.

மணிக்கட்டில் இருக்கும் குறுகலான பாதையில் ஒரு நரம்பு நெரிபடுகிறது, அதற்கு கார்ப்பல் டனல் என்று பெயர் என்றார் டாக்டர். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும்; சுண்டு விரல் தப்பித்துக்கொள்ளும். ராத்திரி கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்து, ‘டைப் அடிக்கிறதைக் குறைங்க’ என்றார். சொல்வது சுலபம். மகளுக்கு நர்சிங் படிப்பில் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

அக்கா மகன் பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். சித்தி அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனித்தான். விசைப்பலகையில் எழுத்துகள் இருக்கும் இடமோ ஒரு சாண் அகலம்தான். தோளோ அதைவிட விரிந்தது. இரண்டு கையும் நடுவில் வந்து சேர, மணிக்கட்டு இரண்டும் சுண்டு விரல் பக்கமாக ஒடிந்த மாதிரி திரும்பி நின்றன. நாள் முழுக்க அப்படியே.

“பலகையை ரெண்டாப் பிளந்து தோள் அகலத்துக்கு வச்சா என்ன, சித்தி?”

“பிளந்தா எப்படி மக்ளே அடிக்கும்?”

அடிக்கும். அப்படிப்பட்ட பலகையின் வரைபடங்களையே சிலர் இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் வெளியிட்ட ஹெலிக்ஸ், கார்னே, லில்லி58 ஆகிய மூன்றையும் பார்த்து, யோசப் ஆடம்சிக் என்பவர் சோஃபிள் என்ற ஒன்றை வடிவமைத்தார். அதன் கோப்புகளும் எல்லாருக்கும் பொது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், செய்துகொள்ளலாம். மொத்தம் 58 விசை. அதில் விசைகள் நெட்டு வரிசையாக, விரலின் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி நிற்கும். நடுவிரல் வரிசை உயரம், சுண்டு விரல் வரிசை தாழ்வு. சாதாரண பலகையில் வரிசைகள் ஏன் கோணலாக இருக்கின்றன என்று அவன் விளக்கப்போக, சித்தி முந்திக்கொண்டார். “மெஷின்ல ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ ஒரு கம்பி போகும்லா? ஒண்ணோட ஒண்ணு இடிக்கக் கூடாதே.” இப்போது கம்பி இல்லை, கோணல் மட்டும் மிச்சம்.

சர்க்யூட் பலகையை அச்சடிக்கிறவர்கள் ஐந்துக்குக் குறைந்து தரமாட்டார்கள். ஐந்து வந்தது. 58 டயோடு, 58 சுவிட்ச், இரண்டு சின்ன கட்டுப்பாட்டு போர்டு, இரு பாதியையும் இணைக்க ஒரு வயர். டயோடில் கறுப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பார்த்து வைக்க வேண்டும்; ஒன்று திரும்பினாலும் அந்த விசை ஊமை. அதையெல்லாம் பையன் ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் ஒரே பலகையை இப்படிப் புரட்டினால் இடது கை, அப்படிப் புரட்டினால் வலது கை. இரண்டு ராத்திரி ஈயம் பற்ற வைத்து முடித்து, இரண்டையும் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது: இரண்டுமே இடது கை! “சவம், இனி எனக்கு வலது கையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?” என்று சித்தி சிரித்தார். அந்தக் கை வலிக்கு நடுவில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அக்கா சொல்கிறார். மூன்றாவது பலகையை எடுத்து வலது கை செய்தான். ஆசாரி ஒருவர் அயினிப் பலகையில் அடிக்கட்டை செதுக்கிக் கொடுத்தார், உள்பக்கம் கொஞ்சம் உயரமாக.

எழுத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. தமிழ்99 போட்டுவிடலாம் என்றான் பையன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த முறையில் உயிரெழுத்து இடது கையில், வ, ங நீங்கலாக மெய் வலது கையில். பிளந்த பலகைக்கென்றே செய்தது போலத்தான் இருக்கும். ‘க’வை இரண்டு தடவை தட்டினால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழும். எல்லாம் கொள்ளாம் என்று கேட்டுக்கொண்ட சித்தி, “அதிலயும் வலது கைக்குத்தானே வேலை ஜாஸ்தி?” என்றார். பையனிடம் பதில் இல்லை. பழைய டைப்ரைட்டர் முறையே போதும். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டருக்கு உழைத்த காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக விரல்கள் பழகிய வழி. 54 வயதில் அதை அழிப்பது லேசா?

ஆனால் அவரே ஒரு மாற்றம் கேட்டார். பழைய முறையில் ம, ட, த, புள்ளி எல்லாம் வலது கையில்தான். வெட்டூர்ணிமடம் என்று அடித்தால் கடைசி ‘மடம்’ முழுக்க வலது கை. இடது கை சும்மா கிடக்கும். தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? “அந்தப் புள்ளியை மட்டும் இடது கை கட்டை விரலுக்குக் கொண்டாந்திரு மக்ளே.” மெஷினில் கட்டை விரலுக்கு இடைவெளிக் கட்டையைத் தட்டுவதைத் தவிர வேலையே கிடையாது. இந்தப் பலகையிலோ கட்டை விரலுக்கென்றே தனி விசைகள். உள்ளே ஓடும் கியூஎம்கே என்ற நிரலும் பொதுவானதுதான்; ஒரு வரி திருத்தினால் போதும். பத்து நிமிஷத்தில் புள்ளி இடம் மாறியது. ‘பி’ விசைக்கு வலப்பக்கம் இருந்தவற்றுக்குத்தான் இடம் போதவில்லை. இன்னொரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். அது சித்திக்கு இன்றும் எரிச்சல்.

பலகையைப் பையன் தானே அடித்துப் பார்த்துத் தோற்றுப்போனான். நாலு விரலில், பார்த்துப் பார்த்து அடிக்கிறவன். வலது கை அடிக்கடி இடது பலகைக்குத் தாவியது. சித்தியோ இன்ஸ்டிடியூட்டில் பார்க்காமல் அடித்துப் பழகியவர். முதல் வாரம் வேகம் பாதியானது, புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக விழுந்தது, ஒரு வக்கீல் குமாஸ்தா முணுமுணுத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். அந்த வாரம் கடையைச் சீக்கிரம் சாத்தினார். மூன்றாவது வாரம் குமாஸ்தா திரும்பி வந்தார்.

வலி போய்விட்டதா? இல்லை. பட்டை இன்னும் ராத்திரி கட்டுகிறார், டாக்டரிடம் போகிறார். விசைப்பலகை வைத்தியம் அல்ல. ஆனால் மணிக்கட்டு இப்போது நேராக இருக்கிறது; ராத்திரி எழுந்து உதறுவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது. ஃபீஸும் கட்டியாயிற்று.

பக்கத்துக் கடைக்காரர் தினமும் வந்து பார்க்கிறார். அவருக்கும் மணிக்கட்டில் குடைச்சல்தான். மிச்சம் இரண்டு பலகை பீரோவில் இருக்கிறது. சித்தி பையனுக்குப் போன் போட்டார். “அண்ணாச்சிக்கு ஒண்ணு வேணுமாம் மக்ளே. இந்தத் தடவை ஒண்ணு வலது கையா இருக்கட்டும்.”