ஒரு சக்கரத்திற்கு இரண்டு ஊழியர்



ஓசூர் மக்கள் காலத்தைக் கிழமைகளால் அளப்பதில்லை; ஷிப்டுகளால் அளக்கிறார்கள். 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. கேழ்வரகு விளைந்த மண்ணில் இரும்பும் எஃகும் விளையலாயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், இயந்திரத்தைக் கையாளத் தெரியாத இளைஞனைக் காண்பது அரிது. அவர்களின் விளையாட்டிலும் இயந்திரம் புகுந்ததில் வியப்பில்லை.

அவ்விளையாட்டுகளுள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். ரேடியோ அலையால் இயக்கப்படும் பெரிய பொம்மைக் கார் அது. பொம்மை என்று நான் சொன்னாலும் கைக்குழந்தைகளுக்கு உரியதன்று. உண்மைக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு; ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம்; பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட எடை. சிறு பெட்ரோல் எஞ்சின் பூட்டினால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டவல்லது.

இத்தகைய காரொன்றை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் தொழிற்சாலையில் பிட்டராகப் பணிபுரிகிறான். அவனைப் பற்றி அவன் தந்தையும் தாயும் தனித்தனியே என்னிடம் வந்தனர். தந்தை கடைசல் இயந்திரத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். "சாமி, சம்பளத்தையெல்லாம் அந்தப் பொம்மையில் கொட்டுகிறான். விற்றுவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். இரண்டு நாள் கழித்துத் தாய் வந்தார். "சாமி, பிள்ளை குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. கையில் குறைந்தால் நான்தான் கொடுக்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். இருவருக்கும் உடனே விடை கூறாமல், அந்தக் காரைப் பார்த்துவிட்டு வருவதென முடிவு செய்தேன்.

நான் சென்றபோது அவன் காரின் முன்பாகத்தைக் கழற்றி வைத்திருந்தான். சக்கரங்களைத் திருப்பும் சர்வோ இரண்டில் ஒன்று கருகியிருந்தது.

சர்வோ என்பது சோப்புக்கட்டி அளவுள்ள ஒரு பெட்டி. அதனுள் ஒரு மோட்டாரும் சில பற்சக்கரங்களும், தான் எந்நிலையில் நிற்கிறது என்பதைத் தனக்கே அறிவிக்கும் ஓர் உறுப்பும் உள்ளன. ரிமோட்டிலிருந்து வரும் கட்டளை, ரிசீவர் வழியாக நுண்ணிய மின்துடிப்புகளாக அதனை அடைகிறது. துடிப்பின் நீளம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஒரு கோடி. இரண்டு பங்கானால் மறுகோடி. ஒன்றரைப் பங்கானால் நடு. சர்வோ தன் நிலையைக் கட்டளையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு தீரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். ஓய்வு என்பதை அது அறியாது.

குருமடத்தில் இலத்தீன் பயின்ற எனக்கு அப்பெயர் வியப்பளிக்கவில்லை. 'செர்வுஸ்' என்றால் அடிமை, ஊழியன் என்று பொருள். 1873-ல் ழோசெஃப் ஃபார்கோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவி இயந்திரம் பற்றி எழுதிய நூலில் இச்சொல்லை வழங்கினார். ஆக, திசை திருப்பும் பணிக்கென்றே பிறந்த ஊழியன் இவன்.

சிறிய காருக்கு ஒரு சர்வோ போதும். பெரிய காரின் தடித்த சக்கரங்களை மண்ணில் திருப்ப மிகுந்த வலிமை வேண்டும்; ஆதலால் சிலர் இரண்டைப் பூட்டுகின்றனர். இளைஞன் தன்னுடைய சர்வோ கருகியதற்கு வலிமைக் குறைவே காரணம் என்று எண்ணி, இன்னும் விலையுயர்ந்த ஒன்றை வாங்கப் பெங்களூர் எஸ்.பி. சாலைக்குப் புறப்பட இருந்தான். அவனைத் தடுத்தவன் உடன் பணிபுரியும் நண்பன். தொழிற்சாலையில் மின்னணுப் பழுது பார்ப்பவன் அவன். "வெளியிலுள்ள சுமை இதைக் கருக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கருகியிருக்கின்றன" என்றான்.

அவன் விளக்கம் இதுதான். இரண்டு சர்வோக்களின் நடுநிலையும் சிறிதளவு வேறுபட்டால், ஒன்று 'இதுவே நடு' என்று ஒருபுறம் தள்ளும். மற்றொன்று 'அன்று, இதுவே நடு' என்று மறுபுறம் தள்ளும். இரண்டும் ஒரே தண்டில் கட்டுண்டு கிடப்பதால் எதுவும் தன் இடத்தை அடையாது; எதுவும் ஓயாது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்கும். கார் அமைதியாக இருக்கும். காதை அருகில் வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கையை வைத்தால் சுடும். பேட்டரியோ காரணமின்றிக் காலியாகும். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் ரிசீவரே கணநேரம் செயலிழக்கக்கூடும். அந்தக் கணத்தில், வேகமாக ஓடும் பத்துக் கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் எவர் சொல்லும் கேளாத பொருளாகிவிடும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் அதன் எதிரே நிற்பார்களானால் என்னவாகும்?

புதிய சர்வோ வாங்கிய பின்பு அவர்கள் செய்த திருத்தத்தை முழுவதும் உடனிருந்து கண்டேன். முதலில் இரண்டையும் தண்டிலிருந்து கழற்றினர். ரிமோட்டிலுள்ள டிரிம் யாவற்றையும் சுழியில் வைத்து மின்சாரம் கொடுத்து, ஒவ்வொன்றும் தன் நடுநிலைக்குத் தானே வந்து நிற்க விட்டனர். அதன் பின்னரே கைகளைப் பொருத்தினர். சர்வோவின் அச்சில் 25 பற்கள் இருந்தன. கையை ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் 14.4 டிகிரி மாறிவிடும். ஆகவே பல்லால் மட்டும் சரியான நடுவைப் பெற இயலாது; எஞ்சிய சிறு வேறுபாட்டை ரிமோட்டின் திருத்தத்தால் நீக்க வேண்டும். அதற்காக இரண்டு சர்வோக்களுக்கும் தனித்தனி சானல் கொடுத்தனர். ஒரே வயரைக் கவையாகப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால், ரிமோட்டிலிருந்து ஒன்றை மட்டும் தனியே திருத்த வழியில்லை. சர்வோக்கள் எதிரெதிரே பொருத்தப்பட்டிருந்ததால், ஒன்றின் சுழற்சியைத் தலைகீழாக மாற்றவும் வேண்டியிருந்தது.

பிறகு ஒரு சோதனை. முதல் சர்வோவைத் தண்டில் இணைத்து, இரண்டாவதன் கம்பியைச் சும்மா வைத்துப் பார்த்தனர். இழுக்காமலும் தள்ளாமலும் திருகாணி துளையில் தானாக இறங்க வேண்டும். நடுவில் மட்டும் இறங்கினால் போதாது. இடக்கோடியிலும் வலக்கோடியிலும் அவ்வாறே இறங்க வேண்டும். சக்கரம் தன் எல்லையைத் தொட்ட பின்னும் சர்வோ தள்ளிக்கொண்டிராதவாறு இருபுறமும் எல்லை வகுத்தனர். இடையே சர்வோ சேவர் என்னும் சுருள்வில் உறுப்பையும் சரிபார்த்தனர். சக்கரம் கல்லில் மோதும்போது அது சற்றே வளைந்து கொடுத்துப் பற்களைக் காக்கிறது. மிகவும் இறுக்கினால் வளையாது. மிகவும் தளர்த்தினால் திசை நில்லாது. இறுதியில் ரிமோட்டின் அலை அறுந்தால் எஞ்சின் தணிந்து பிரேக் பிடிக்குமாறு அமைத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்துச் சோதித்தனர். ரீங்காரம் நின்றிருந்தது, பெட்டிகள் குளிர்ந்திருந்தன.

நான் மறுவாரம் அந்தப் பெற்றோரை ஒருங்கே அழைத்தேன். கண்டதையெல்லாம் அப்படியே விவரித்தேன். தாய் தலைகுனிந்திருந்தார். இயந்திரம் அறிந்த தந்தை நெடுநேரம் பேசாதிருந்து, "நடுவைப் பார்க்காமல் பூட்டினால் எந்த மெஷினும் அப்படித்தான், சாமி" என்றார். பிறகு இருவரும் என் முன்னிலையிலேயே தத்தம் மனத்திலுள்ளதைக் கூறினர். அவருக்கோ மகள் திருமணத்தைப் பற்றிய கவலை. அவருடைய மனைவிக்கோ வீட்டில் தங்கும் மகனை வெளியே துரத்திவிடக் கூடாதே என்ற அச்சம். இரண்டும் நியாயமே. விளையாட்டுக்கு மாதம் இவ்வளவே என ஒரு வரம்பு வகுத்தனர். மறைவில் கொடுப்பதில்லை என்று அந்தத் தாய் உறுதி கூறினார். தந்தை, சர்வோக்களைத் தாங்கும் அலுமினியத் தகட்டைத் தாமே கடைந்து தர முன்வந்தார். இன்றும் அவர் செலவைப் பற்றி முணுமுணுக்கிறார். ஆயினும் மனைவியின் எதிரிலேயே முணுமுணுக்கிறார்.

ஒரு வீட்டில் பிள்ளைக்குத் திசை காட்டுவோர் இருவர். ஒருவர் பகல் ஷிப்டிலும் மற்றவர் இரவு ஷிப்டிலும் உழைக்கும் இவ்வூரில், இருவரும் கலந்து பேசுவதற்கே நேரம் அரிது. வெளிச்சுமை மிகுந்ததால் களைத்தோம் என்று எண்ணுகிறோம். சம்பளம் கூடினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறோம். ஆனால் ஒருவரையொருவர் இழுப்பதில் எவ்வளவு வலிமை வீணாகிறது என்று கணக்கிட்டோமா? வலிமையைக் கூட்டினால் அந்த இழுவையும் கூடுமேயன்றி ஓயாது.

ஆதலின் பெற்றோரே, வீட்டில் உரத்த சண்டை இல்லை என்று நிறைவடையாதீர்கள். மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா, காரணமின்றிச் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், ஒரு நாள் மாலை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் நடுநிலை எதுவெனத் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். அதன் பின் கூடி அமர்ந்து பேசுங்கள். திருகாணி தானாக இறங்கும்.