வயலுக்கு உரம்... தொட்டிக்கு வினை!

கல்லணைக் கால்வாயின் கடைமடையில், பேராவூரணிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். மூன்று ஏக்கரில் நெல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் கீற்றுக்கொட்டகை. அதற்குள் 500 லிட்டர் ஃபைபர் தொட்டிகள் இரண்டு. மல்லிப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த கடல்நீரில், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் குஞ்சுகள். வளர்ப்பவர் அவருடைய மருமகள். மகளிர் குழுக் கடனில் தொடங்கிய தொழில். குஞ்சுகள் விற்கும் அளவுக்கு வந்ததும் சென்னை கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

'நெல்லை விட்டுட்டு மீனுக்குச் சோறு போடுறதா?' என்று முதலில் முணுமுணுத்தவர் பெரியவர்தான். அதனால், ஐந்தாவது வாரம் தொட்டியின் அடியில் செந்நிறப் படலம் படர ஆரம்பித்தபோது மருமகள் அவரிடம் சொல்லவில்லை. துடைத்தால் போனது, இரண்டே நாளில் திரும்ப வந்தது. கல், குழாய், மூலை எல்லாம் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி ஆனது.

மீன் மருந்து விற்கும் கடையில் ஒரு பொடி கொடுத்தார்கள். அது ஆன்டிபயாட்டிக். போட்ட மறுநாள் படலம் வெளுத்து உதிர்ந்தது. மூன்றாம் நாள் விடியலில் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளந்து நின்றன. நாற்பதுக்கு மேல் செத்தன. செத்த குஞ்சுகளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் பெரியவர் பார்த்தார். எதுவும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் படலம் மறுபடி வந்தது. இந்த முறை பெரியவரே கொட்டகைக்குள் வந்து கையை விட்டார். படலம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள்.

"என்னம்மா, இது நம்ம பாசியாட்டம் இருக்கே?"

"எந்தப் பாசி மாமா?"

"வயல்ல போடுவோமே, நீலப்பச்சைப் பாசி!"

இரண்டும் ஒரே குடும்பம்

அவர் கண் ஏமாறவில்லை. பாசி என்று பெயரே தவிர, இது பாசி அல்ல. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கும் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அதன் பெயர். உடலில் உள்ள சிவப்பு நிறமியால் கடல்நீர்த் தொட்டியில் பெரும்பாலும் செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். பகலில் ஒளிச்சேர்க்கை நடப்பதால்தான் அடியில் ஆக்சிஜன் குமிழ்கள். உண்மையான பாசி கல்லைப் பிடித்து வளரும். இது ஏடு ஏடாக உரியும். அடையாளம் காண இதுவே எளிய வழி.

பெரியவர் வயலுக்காக இதை வளர்த்தவர். பாலித்தீன் தாள் விரித்த பாத்தியில் 10 கிலோ மண்ணுக்கு 200 கிராம் சூப்பர் பாஸ்பேட் கலந்து, தண்ணீர் நிறுத்தி, தாய்வித்தைத் தூவி வெயிலில் விடுவார். காய்ந்ததும் ஏடுகளைச் சுரண்டி, நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ தூவுவார். இந்த இனத்தில் பல வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு வெளியிலிருந்து வேண்டியது மணிச்சத்து.

"நான் சூப்பர் போட்டு வளத்தேன். நீ எதைப் போட்டு வளக்குறே?" என்று கேட்டார். மருமகளுக்கு விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

மணிச்சத்து வந்த வழி

ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேகவைத்து மசித்த இறால். தின்றது போக மீதி அடியில் அழுகியது. அதிலிருந்து பாஸ்பேட் கரைந்தது. இரண்டாவது, தண்ணீர். கடல்நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகும், உப்பு தங்கும். அதை ஈடுகட்ட ஊற்றியது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சத்துகளும் தொட்டியிலேயே தங்கித் தங்கிச் சேர்ந்தன. உப்புத் தண்ணீர் பாய்ச்சிய நிலத்தில் உப்புப் பூப்பதும் இதே கணக்குதான். மூன்றாவது, காற்றுக்குழாய் ஒரே பக்கம் இருந்ததால் மறுபக்க மூலைகளில் நீரோட்டமே இல்லை. நாலாவது, கொட்டகையின் மேற்குப்பக்கம் மறைப்பில்லை. மாலை வெயில் நேராக விழுந்தது.

மருந்து இந்த நான்கில் எதையும் தொடவில்லை. படலத்தை மட்டும் கொன்றது. செத்த படலம் அழுகியபோது நீரிலிருந்த ஆக்சிஜனைத் தின்றது. வடிகட்டியில் குடியிருந்து, மீன் கழிவின் அமோனியாவை மாற்றித்தரும் நல்ல பாக்டீரியாவையும் மருந்து பாதித்தது. மூச்சு முட்டியதோடு விஷமும் சேர்ந்தது.

செய்த மாற்றங்கள்

மருமகள் பொடி டப்பாவை ஒதுக்கிவைத்தார். படலத்தைத் தண்ணீருக்குள் கலக்கிவிடாமல், மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றினார். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, உப்பளவு பார்த்த புதிய கடல்நீர் விட்டார். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றினார். தீனியைச் சில நிமிடங்களில் தின்றுமுடிக்கும் அளவுக்குக் குறைத்து, மீதியை உடனே எடுத்தார். மூலைகளுக்கும் ஓட்டம் கிடைக்கும்படி சின்ன மோட்டார் ஒன்று சேர்ந்தது. மேற்கே நிழல்வலை கட்டியது பெரியவர். ஒருமுறை மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி வெளிச்சத்தை நிறுத்தினார்கள்; அப்போது காற்றுக்குழாய் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அழுகும் படலத்தால் ஆக்சிஜன் குறையும் என்பதைச் செத்த குஞ்சுகள் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தன.

உடனே மாறிவிடவில்லை. மூன்றாவது வாரம் கம்பளம் திட்டுத்திட்டாகச் சுருங்கியது. இரண்டு மாதத்தில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு மட்டும் மிஞ்சியது. "கோரையை ஒழிச்சவன் உண்டா? அடக்கி வச்சா போதும்மா" என்றார் பெரியவர்.

மிஞ்சிய குஞ்சுகள் கொளத்தூருக்குப் போயின. வந்த பணத்தில் குழுத் தவணை மூன்று கட்டியாயிற்று. இழந்த நாற்பதுக்கான கணக்கு அடுத்த தொகுதியில்தான் நேராகும்.

உறிஞ்சி எடுத்த சிவப்புப் படலம் ஒரு வாளி நிறைய இருந்தது. "மாமா, இதை வயல்ல போட்டுடலாமா?" என்று கேட்டார் மருமகள்.

"வேணாம்மா, கடல் உப்பு பயிரைக் கருக்கிடும். நம்ம வயலுக்கு நல்ல தண்ணிப் பாசிதான்" என்றவர், கொஞ்சம் நின்று, "பாத்தி போடணும். எத்தனையோ வருசமாச்சு, விட்டுப்போச்சு" என்றார்.

அந்தக் குறுவைக்கு, கொட்டகையின் பக்கத்திலேயே பாலித்தீன் தாள் விரிந்தது. மாமனார் மண் கொட்ட, மருமகள் சூப்பர் பாஸ்பேட்டை அளந்து கொடுத்தார்.