கீழ் வீட்டுக்காரரின் பங்கு



ஸ்காபரோவில் எங்கள் சனத்தின் வீடுகள் பலவற்றில் பேஸ்மென்ட் வாடகைக்குப் போகிறது. எங்கள் வீடும் அப்படித்தான். மேலே நாங்கள் ஐந்து பேர். கீழே ஒரு தம்பதியும் கைக்குழந்தையும். ஹைட்ரோ, காஸ், தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் ஒரே மீட்டர். தனி மீட்டர் வைக்க வயரிங்கைப் பிரிக்க வேண்டும். அதற்கு இப்போது வசதியில்லை.

ஒப்பந்தப் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. 2018 முதல் ஒன்ராறியோவில் பாவிக்கும் அந்தப் படிவம், மின்சாரம், வெப்பம், தண்ணீர் மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று தனித்தனியாகக் கேட்கிறது. “எல்லாத்திலையும் 30 வீதம் எண்டு போடு” என்றார் அப்பா.

ஆனால் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்டாட் எங்கள் ஹோலில் இருக்கிறது. நாங்கள் கூட்டினால் அவர்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? அதனால் கடந்த 12 மாத காஸ், தண்ணீர் பில்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, அவர்கள் பங்கை வாடகைக்குள்ளேயே சேர்க்கலாம் என்றேன். தை மாதத்தில் அவர்களுக்குத் திடீர்ச் சுமை வராது.

ஹைட்ரோவை அவரவர் கட்டுப்படுத்தலாம். குழந்தையை விட்டால் இரு வீட்டிலும் ஏழு பேர். அவர்களுக்கு ஏழில் இரண்டு பங்கு. 140 டொலர் வந்தால் 40. பில்லின் படத்தை மாதாமாதம் அனுப்புவது.

“பில்லை ஏன் காட்டவேணும்?” என்று அப்பா கேட்டார். அம்மா சொன்னார்: “நாங்கள் வந்த புதுசில இருந்த பேஸ்மென்ட்டில ஒருநாளும் பில் காட்டேல்லை. கேட்ட காசைக் குடுத்தம். குளிருக்குள்ள கோட்டோட படுத்தம்.” அப்பா பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னபடியே எழுதினோம்.

இப்போது இரு வீட்டாரும் உடுப்புத் தோய்ப்பது கட்டணம் குறைந்த சனி, ஞாயிறில். பங்கு தெரிந்ததால் சிக்கனமும் வந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள். காசு பிந்தினாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ வெப்பத்தையோ நிறுத்த முடியாது. 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

பெற்றோருக்காக ஆங்கிலப் படிவங்களை நிரப்புவது பெரும்பாலும் நாங்கள்தான். பேனா எங்கள் கையில் இருக்கும்போது, கீழே இருப்பவர்களுக்காகவும் ஒரு கேள்வி கேட்போம்.