ஆட்டக்காரரும் ஆசானும்

இவ்வாண்டின் தொடக்கத்தில், ‘படிப்பு முடிந்தபின் யாது செய்யப் போகின்றாய்?’ என வினவிய மாமாவுக்கு, ‘ஆசிரியர் வேலைக்குப் போகலாமென்று எண்ணம்’ எனத் தாழ்ந்த குரலில் விடை பகர்ந்தோம். பிறிதொன்றும் கைகூடாதவனே கற்பிக்க வருவான் என்னும் நினைவு நம் உள்ளத்தும் ஒளிந்திருந்தது. அந்நினைவை அசைத்தது ஒரு சதுரங்கப் பலகை.

விடுதித் தாழ்வாரத்தில் மாலைதோறும் சதுரங்கம் ஆடுவது நம் வழக்கம். ஒருநாள், திருநகரிலிருந்து வரும் நண்பர் அரவிந்த் சிதம்பரத்தைப் பற்றிப் பெருமிதத்துடன் உரைத்தார். 1999இல் மதுரையிற் பிறந்து, பாட்டனாரிடம் இவ்வாட்டம் பயின்று, 2018, 2019 ஆகிய ஈராண்டும் தேசியப் பட்டம் வென்றவர் அவர். ‘அவரைப் பயிற்றியவர் யாவர்?’ என்றோம். ‘சென்னை ஆர். பி. ரமேஷ்’ என்றார்.

ரமேஷும் தேர்ந்த ஆட்டக்காரரே. 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் 2007இல் காமன்வெல்த் பட்டத்தையும் வென்ற கிராண்ட்மாஸ்டர் அவர். தோல்வியால் துவண்டன்று; வென்ற மறு ஆண்டே, 2008இல், முப்பத்திரண்டு வயதளவில் போட்டியாட்டத்தை விடுத்துக் கற்பித்தலை மேற்கொண்டார். மகளிர் கிராண்ட்மாஸ்டராகிய தம் மனைவியார் ஆர்த்தி ராமசாமியுடன் ‘செஸ் குருகுல்’ என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். 2023இல் பாகு நகரில் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டிய பிரக்ஞானந்தாவும் அவர் மாணாக்கரே.

இதனைக் கேட்டபின், விடுதிச் சமையற்காரரின் மகனுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கப் புகுந்தோம். ‘குதிரையை ஏன் அங்கே வைத்தீர்கள், அண்ணா?’ என்று அச்சிறுவன் வினவியபோது விழித்தோம். காயை நகர்த்தத் தெரிந்தது. காரணம் கூறத் தெரியவில்லை. பழக்கத்தால் ஆடுதல் வேறு, பிறர் அறிவில் ஏற்றுதல் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

போட்டியில் கடிகாரம் ஓடத் தொடங்கியபின், ஆசான் தன் மாணாக்கனுக்கு ஒரு குறிப்பும் காட்டலாகாது என்பது விதி. கண்முன் பிழை நேரினும் வாய்மூடி நிற்றல் வேண்டும். ஆட்டக்காரன் தன் கையால் வெல்கின்றான். ஆசானோ, தான் தீண்டவொண்ணாத பலகையில், பிறன் கையால் வெல்லவேண்டியவன். நம் ஆசிரியப் பெருமக்களும் தேர்வுக் கூடத்தின் வாயிலில் அவ்வாறே நம்மை விட்டு விலகுகின்றனர் அன்றோ?

அன்பர்களே, மாமா மீண்டும் வினவுவாராயின் அதே விடையைத்தான் பகர்வோம், குரல் தாழாது. நாணம் நீங்கிற்று. அப்பணிக்குத் தகுதி உடையோமோ என்னும் அச்சம் மட்டும் அவ்விடத்தில் வந்து அமர்ந்துள்ளது. அச்சிறுவனின் வினாவுக்கு இன்னும் தக்க விடை தேடிக்கொண்டிருக்கின்றோம்.